காதிஸ் நகரமும் கி.மு. 1104உம்: மண்ணில் இல்லாத ஆண்டை இன்னும் எத்தனை காலம் சுமப்பது?

பானையோடு:
உலகின் பழைய நகரங்கள் பற்றிய இழையில் உப்புக்காற்று எழுதியதை அப்படியே தருகிறேன்: "ஸ்பெயினின் காதிஸ் நகரத்தை, இன்றைய லெபனான் கரையிலுள்ள தீரு நகரத்துப் பினீசியர்கள் கி.மு. 1104இல் நிறுவினார்கள். மேற்கு ஐரோப்பாவில் அதைவிடப் பழைய நகரம் கிடையாது. இது உறுதிப்பட்ட வரலாறு."

உறுதிப்படுத்தியவர் யார்? எந்த அகழாய்வுக் குழியில்? இந்த ஆண்டை ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் எனக்கு எரிச்சல் வருகிறது. காரணத்தைச் சொல்கிறேன். 1104 என்ற எண்ணைப் பழைய ஆசிரியர் எவரும் எழுதவில்லை. வெல்லேயுஸ் பாட்டெர்குலுஸ் என்ற ரோமானியர் கி.பி. 30 வாக்கில் ஒரு சுருக்க வரலாறு எழுதினார். கிரேக்கக் கதைகளில் வரும் டிராய் நகரம் வீழ்ந்து ஏறத்தாழ எண்பதாவது ஆண்டில் வீரன் ஹெராக்ளிஸின் வழிவந்தவர்கள் தென்கிரேக்கத்தின் பெலொப்பொன்னீசுக்குத் திரும்பினார்கள் என்று அதில் சொல்லிவிட்டு, அந்தக் காலத்தில்தான் தீருவின் கப்பற்படை காதிஸை நிறுவியது என்கிறார். டிராயின் வீழ்ச்சியைக் கிரேக்க அறிஞர் எரட்டோஸ்தனீஸ் கி.மு. 1184 என்று கணக்கிட்டிருந்தார். 1184இல் 80ஐக் கழித்தால் 1104. உங்கள் உறுதிப்பட்ட வரலாறு இந்தக் கழித்தல் கணக்கு மட்டும்தான். பாட்டி சொன்ன வயதை வைத்துப் பிறப்புச் சான்றிதழ் எழுதுகிறீர்கள்.

காதிஸில் தியாத்ரோ கோமிக்கோ என்ற பழைய அரங்கத்தின் அடியில் அகழாய்வு நடந்தது. தெருக்களும் வீடுகளும் ரொட்டி அடுப்புகளும் கிடைத்தன. அவற்றில் மிகப் பழைய பினீசியக் குடியிருப்பே கி.மு. 9ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதிக்குத்தான் போகிறது. 1104க்கும் அதற்கும் இடையே முந்நூறு ஆண்டுகள் இருக்கின்றன. அந்த முந்நூறு ஆண்டுகளுக்கு உரிய ஒரே ஒரு பினீசியப் பானையோட்டைக் காட்டுங்கள். பிறகு பேசலாம்.

உப்புக்காற்று:
என் பெயரைத் தலைப்புக்குக் கீழே தூக்கிலிட்டதற்கு நன்றி. மால்டா இழையில் நான் உங்களை மறுத்தது இன்னும் ஆறவில்லை என்று தெரிகிறது.

வெல்லேயுஸ் ஒருவர்தான் சாட்சி என்பது போல எழுதியிருக்கிறீர்கள். புவியியல் நூல் எழுதிய ரோமானியர் பொம்போனியுஸ் மேலாவை ஏன் மறைத்தீர்கள்? அவர் ஜிப்ரால்டர் நீரிணைக்கருகே பிறந்தவர். தம் ஊரில் ஆப்பிரிக்காவிலிருந்து வந்த பினீசியர்கள் குடியிருப்பதாகத் தாமே எழுதியவர். காதிஸின் கோயில் டிராய் காலத்திலிருந்து நிற்கிறது என்கிறார் அவர். ரோமில் உட்கார்ந்து கழித்தல் கணக்குப் போட்ட ஆள் அல்லர் அவர், அந்தக் கரையின் பிள்ளை.

அடுத்து யூட்டிகா, இன்றைய துனிசியாவில் இருந்த பினீசிய நகரம். காதிஸுக்குச் சில ஆண்டுகள் கழித்து அதே தீரு நகரத்தார் யூட்டிகாவை நிறுவினார்கள் என்பதும் வெல்லேயுஸின் கூற்று. ரோமானிய எழுத்தாளர் பிளினியோ யூட்டிகாவின் அப்பல்லோ கோயிலில் நுமிடிய தேவதாரு உத்திரங்கள் நகரம் தோன்றிய நாளில் வைத்தபடியே 1178 ஆண்டுகளாக நிற்கின்றன என்கிறார். அவர் எழுதியது கி.பி. 77 வாக்கில். கணக்குப் பாருங்கள், கி.மு. 1101 வரும். இன்னொரு பழைய நூல், பினீசியர்களின் வரலாற்று ஏடுகளை ஆதாரமாகக் காட்டி, அதே கரையிலுள்ள கார்த்தேஜுக்கு 287 ஆண்டுகள் முன்பே யூட்டிகா எழுந்தது என்கிறது. கார்த்தேஜ் நிறுவப்பட்டது கி.மு. 814. கூட்டினால் மீண்டும் 1101. ஒன்றோடொன்று தொடர்பில்லாத மூன்று வழிகள் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன. இதற்குமேல் என்ன வேண்டும்?

பானையோடு:
மூன்று வழிகள் அல்ல, ஒரே வழி. கார்த்தேஜுக்கு 814 என்பது சிசிலியின் கிரேக்க வரலாற்றாசிரியர் திமேயுஸ் தந்த கணக்கு. அதோடு 287ஐக் கூட்டி 1101 பெறுவதும் அதே மேற்குக் கிரேக்க மரபின் வேலைதான். பிளினியின் 1178ஐப் பின்னோக்கி எண்ணினாலும் அதே 1101 வருகிறதென்றால் பிளினி அதே கணக்கைக் கையில் வைத்திருந்தார் என்றுதான் பொருள். உத்திரத்தில் ஆண்டு பொறித்திருந்ததா? ஆயிரத்து நூற்று எழுபத்தெட்டு ஆண்டுகளை யார் உட்கார்ந்து எண்ணினார்கள்?

மேலா உள்ளூர்க்காரர் என்பது எனக்கும் தெரியும். உள்ளூர்க்காரருக்குத் தம் ஊர்க் கோயில் எவ்வளவு பழையதோ அவ்வளவு பெருமை. காதிஸின் தெய்வம் மெல்கார்ட். கிரேக்கர்களும் ரோமானியர்களும் அவரை ஹெராக்ளிஸ் என்றே அழைத்தார்கள். ஹெராக்ளிஸின் வழிவந்தவர்களின் கதைக்குப் பக்கத்தில் வெல்லேயுஸ் காதிஸை வைத்ததற்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டியதில்லை. தெய்வத்தின் கதைக்கு ஒரு காலம் இருந்தது, அதை நகரத்துக்கும் ஒட்டிவிட்டார்கள்.

1104க்கு உரிய பானையோடு எங்கே? நான் கேட்டது அது ஒன்றுதான்.

தெளிவுரை:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். இருவரும் "நிறுவினார்கள்" என்கிறீர்கள். எதை? ஆண்டுக்கு ஒருமுறை கப்பல் வந்து நின்ற கரையா, சரக்கறையா, கோயிலா, பெண்களும் குழந்தைகளுமாகக் குடியிருந்த ஊரா? தென்ஸ்பெயினின் தோஸ்கானோஸும் கார்த்தேஜும் ஒரே வகைக் குடியேற்றங்கள் அல்ல. இதை முதலில் முடிவு செய்யாமல் ஆண்டைப் பற்றிச் சண்டை போட்டுப் பயனில்லை.

கல்லெழுத்து:
பானையோடு பானைகளை மட்டுமே சான்றாக நினைப்பது புதிதல்ல. கல்லும் பேசும். சார்டினியாவின் நோராவில் 1773இல் கிடைத்த பெரிய கல்வெட்டு எல்லோருக்கும் தெரியும். இன்று காலியாரி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் அந்தத் தீவின் பெயர் இருக்கிறது, காலம் கி.மு. 9ஆம் நூற்றாண்டின் இறுதி அல்லது 8ஆம் நூற்றாண்டு. ஆனால் அதே நோராவில் கிடைத்த இன்னொரு சிறிய கல்வெட்டுத் துண்டை எவரும் இங்கே குறிப்பிடவில்லை. எழுத்தமைதியை வைத்து அதை கி.மு. 11ஆம் நூற்றாண்டு என்றார் ஃபிராங்க் மூர் கிராஸ். அவர் செமித்திய எழுத்தியலில் கடைசிவரை மதிக்கப்பட்ட அறிஞர், போகிற போக்கில் ஊகம் சொல்பவர் அல்லர். 11ஆம் நூற்றாண்டில் சார்டினியாவில் பினீசிய எழுத்தைக் கல்லில் வெட்டியிருந்தால் அதை ஒட்டிய காலத்தில் காதிஸை ஏன் மறுக்க வேண்டும்? முந்நூறு ஆண்டு இடைவெளி என்று முழங்குகிறீர்களே, அந்த இடைவெளியின் நடுவில் நிற்கிறது இந்தக் கல்.

பானையோடு:
அந்தத் துண்டில் இருப்பவை சில எழுத்துகள் மட்டுமே. கிராஸின் காலக்கணிப்பு நிற்க வேண்டுமானால் ஒரு வரியை வலமிருந்து இடமாகவும் அடுத்த வரியை இடமிருந்து வலமாகவும் படிக்க வேண்டும். அப்படிப் படிக்கத் தேவையில்லை என்பவர்கள் பலர். எழுத்தின் வடிவத்தைப் பார்த்து நூற்றாண்டு சொல்வதில் எவ்வளவு தடுமாற்றம் உண்டு என்பது உங்களுக்கே தெரியும், கல்லெழுத்து. அந்தக் கல்லைச் சுற்றி 11ஆம் நூற்றாண்டுக்கு உரிய ஒரு வீடு கிடைத்ததா? ஒரு புதைகுழி? ஒரு விளக்கு? ஒன்றும் இல்லை.

நோரா காதிஸும் அல்ல. சார்டினியாவில் இருக்கும் கல்லை ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் இழுத்துக் கொண்டுபோய் அட்லாண்டிக் கரையில் நடாதீர்கள்.

மீண்டும் கேட்கிறேன். காதிஸ். கி.மு. 1104. ஒரு பானையோடு.

உப்புக்காற்று:
"ஒரு பானையோடு, ஒரு பானையோடு" என்று எத்தனை முறை எழுதினாலும் அது வாதமாகிவிடாது. இதே வாதத்தைத்தான் கார்த்தேஜுக்கும் சொன்னீர்கள். உங்களைச் சொல்லவில்லை, உங்கள் கட்சிக்காரர்களைச் சொல்கிறேன். திமேயுஸ் சொன்ன 814 வெறும் கட்டுக்கதை, கிரேக்கப் பானைகள் 8ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியைத்தான் காட்டுகின்றன என்று பல பத்தாண்டுகள் எழுதித் தள்ளினார்கள். பிறகு கார்த்தேஜின் பீர் மஸ்ஊதா பகுதியில் கிடைத்த கால்நடை எலும்புகளை ரேடியோ கார்பன் முறையில் அளந்தார்கள். கி.மு. 9ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி என்று வந்தது. திமேயுஸ் சொன்ன இடத்துக்கே வந்து நின்றது. அப்போது பானைக்கட்சி என்ன செய்தது? ஓசையில்லாமல் பக்கத்தைத் திருப்பிக்கொண்டது.

தென்மேற்கு ஸ்பெயினின் உவெல்வாவையும் மறக்காதீர்கள். 1998இல் அந்த நகரத்தின் நடுவில் கட்டடம் கட்டத் தோண்டியபோது ஆயிரக்கணக்கான பானையோடுகள் வந்தன. பினீசியப் பானைகள், யூபியத் தீவுக் கிண்ணங்கள், ஆத்திக்கப் பானை, சைப்ரஸ் சரக்கு, சார்டினியச் சரக்கு, தந்தம் செதுக்கிய கழிவு, வெள்ளி உருக்கிய சான்று எல்லாம் ஒரே இடத்தில். 2004இல் வெளியிட்டார்கள். எலும்புகளின் ரேடியோ கார்பன் கணிப்பு கி.மு. 930 முதல் 830 வரை. அதுவரை 8ஆம் நூற்றாண்டுக்கு முன்னால் ஸ்பெயினில் பினீசியரே இல்லை என்றவர்கள் ஒரே நாளில் நூறு ஆண்டுகள் பின்வாங்கினார்கள்.

கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ காதிஸ் மக்களே சொன்ன கதையைப் பதிவு செய்திருக்கிறார். தீரு நகரத்தார் மூன்று முறை வந்தார்கள். முதல் முறை இன்றைய அல்முனேகார் பக்கம், பலிக்குறி நன்றாக இல்லை, திரும்பினார்கள். இரண்டாம் முறை நீரிணையைத் தாண்டி ஓனோபாவுக்கு எதிரேயுள்ள தீவு வரை, அப்போதும் குறி சரியில்லை. மூன்றாம் முறைதான் காதிஸ். ஓனோபா எது? இன்றைய உவெல்வா. மண்ணில் எது முந்தியது? உவெல்வா. கதை சொன்ன வரிசையும் மண் சொல்லும் வரிசையும் ஒன்றாக இருக்கின்றன. இதைக் கட்டுக்கதை என்று தள்ளுவதற்கு உங்களுக்கு மனம் வருகிறதா?

பானையோடு:
வரும். நீங்கள் அடுக்கிய ஒவ்வொன்றும் எனக்கே சாட்சி சொல்கிறது.

உவெல்வா: 930 முதல் 830 வரை. மிகப் பழைய முனையை எடுத்துக்கொண்டாலும் 1104க்கு நூற்றெழுபது ஆண்டுகள் பிந்தியது. அந்தப் பொருள்கள் அடுக்கடுக்காக அகழ்ந்து எடுக்கப்பட்டவையும் அல்ல. நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே இருந்த கருஞ்சேற்றிலிருந்து, கட்டட வேலைக்கு நடுவில் மீட்கப்பட்டவை. எந்த எலும்பு எந்தப் பானையோடு கிடந்தது என்று சொல்ல வழியில்லை. இருந்தாலும் 9ஆம் நூற்றாண்டை நான் எங்கே மறுத்தேன்? மறுப்பது 12ஆம் நூற்றாண்டை.

கார்த்தேஜ்: 814க்கும் எலும்புகளுக்கும் பொருத்தம் இருக்கிறது. கார்த்தேஜ் சரியென்றால் காதிஸும் சரி என்பது எந்த ஊர் நியாயம்? திமேயுஸ் கார்த்தேஜைப் பற்றி எழுதும்போது அந்நகரம் உயிரோடு இருந்தது, அதிகாரிகளின் பட்டியல்களும் கோயில் ஏடுகளும் இருந்திருக்கும். தீருவின் அரசர் வரிசையும் மெனாண்டர் என்ற பழைய ஆசிரியர் வழியாக யூத வரலாற்றாசிரியர் ஜொசீபஸுக்குக் கிடைத்திருக்கிறது. பிக்மாலியனின் ஏழாம் ஆட்சியாண்டில் அவன் சகோதரி ஓடிப்போய் கார்த்தேஜைக் கட்டினாள் என்று ஆட்சியாண்டோடு சொல்கிறது அது. காதிஸுக்கு அப்படி ஓர் அரசன் பெயர் உண்டா? ஓர் ஆட்சியாண்டு உண்டா? டிராய் மட்டும்தான் உண்டு.

யூட்டிகா: அங்கே ஸ்பானிய, துனிசிய அறிஞர்கள் சேர்ந்து அகழ்ந்தார்கள். ஒரு கிணற்றை நிரப்பிய பானைகளும் விருந்தின் எலும்புகளும் கிடைத்தன. எவ்வளவு முன்னே தள்ளினாலும் கி.மு. 10ஆம் நூற்றாண்டின் இறுதி. 1101 அல்ல.

தீருவையும் பாருங்கள். 11ஆம் நூற்றாண்டில் அட்லாண்டிக் வரை படை அனுப்பும் நகரமா அது? எகிப்தியத் தூதன் வெனாமூனின் பயணக் குறிப்பு அந்த நூற்றாண்டின் முற்பகுதியைப் பற்றியது. அதில் கப்பல் எண்ணிக்கையோடு பேசப்படுபவை மற்றப் பினீசிய நகரங்களான பிப்லோஸும் சீதோனும். தீரு வந்துபோகும் ஒரு துறைமுகம், அவ்வளவுதான். கி.மு. 10ஆம் நூற்றாண்டு அரசன் ஹீராமின் காலத்துக்கு முன்னால் தீருவுக்கு அந்த வலிமை இருந்ததற்கு எதைக் காட்டுவீர்கள்?

ஸ்ட்ராபோவின் மூன்று பயணக் கதையைச் சொன்னவர் அடுத்த வரியை ஏன் விட்டுவிட்டார்? கிரேக்க அறிஞர் பொசெய்டோனியுஸ் காதிஸுக்கே நேரில் போய்வந்தவர். குறிசொல்லும் பல பயணங்களும் கொண்ட அந்தக் கதையை அவர் "பினீசியப் பொய்" என்றார். ஸ்ட்ராபோவே அதை எழுதியிருக்கிறார். வேண்டியதை எடுத்துக்கொண்டு வேண்டாததை மடித்து வைப்பது வரலாறு அல்ல.

தானித்:
இதற்காகத்தான் காத்திருந்தேன். "பினீசியப் பொய்" என்று மேற்கோள் காட்டும்போது உங்கள் கை கொஞ்சமும் கூசவில்லையே!

ஹோமரின் காலத்திலிருந்தே பினீசியன் என்றால் ஏமாற்றுக்காரன், ஆள் கடத்துபவன் என்று எழுதிவைத்தவர்கள் கிரேக்கர்கள். அவர்களோடு கடலில் போட்டி போட்டவர்கள், சிசிலியில் போரிட்டவர்கள். ரோமானியர்கள் கார்த்தேஜை கி.மு. 146இல் எரித்துவிட்டு அதன் நூலகத்தை நுமிடியச் சிற்றரசர்களுக்குக் கொடுத்தார்கள். வேளாண்மை பற்றி மாகோ எழுதிய நூலை மட்டும் லத்தீனில் பெயர்த்துக்கொண்டார்கள். அதுவும் இன்று நம் கையில் இல்லை. பினீசியர்களின் சொந்த வரலாற்று ஏடு ஒன்றுகூட எஞ்சவில்லை. ஏட்டை எரித்தவனின் பேச்சை மட்டும் சான்றாக வைத்துக்கொண்டு "உன்னிடம் ஏடு உண்டா?" என்று கேட்பது அநியாயம். இந்த மக்களைப் பற்றிப் பேசும்போது அந்த நினைவு கொஞ்சமாவது இருக்க வேண்டும்.

பானையோடு:
நான் கிரேக்கரின் பேச்சை நம்பச் சொல்லவில்லை. எவருடைய பேச்சையும் நம்ப வேண்டாம், மண்ணைப் பாருங்கள் என்கிறேன். 1104 என்பதும் கிரேக்கர் போட்ட கணக்குத்தான், தானித். அதை ஏற்றுக்கொண்டு பொசெய்டோனியுஸை மட்டும் திட்டுகிறீர்கள்.

வடக்குத்தெரு:
ஏட்டை எரித்தது தவறுதான். குழந்தைகளை எரித்ததையும் சேர்த்துப் பேசுங்கள். கார்த்தேஜின் டோஃபெட் என்ற புதைவிடத்தில் ஆயிரக்கணக்கான தாழிகள், உள்ளே கருகிய சிசு எலும்புகள். சிசிலியின் மோத்யா, சார்டினியாவின் சுல்கிஸ், தாரோஸ் என்று போன இடமெல்லாம் அதே. இவர்களுக்காக இவ்வளவு கண்ணீரா?

தானித்:
கண்ணீர் அல்ல, நியாயம்.

கார்த்தேஜின் டோஃபெட் 1921இல் வெளிப்பட்டது. அன்றிலிருந்து எல்லோரும் கிரேக்க வரலாற்றாசிரியர் தியோதோருஸின் கதையைத்தான் ஒப்பிக்கிறார்கள். கி.மு. 310இல் சிராக்கூஸின் ஆட்சியாளன் அகாதொக்ளிஸ் முற்றுகையிட்டபோது மேட்டுக்குடிக் குழந்தைகள் இருநூறு பேரைப் பலியிட்டார்கள் என்ற கதை. எழுதியவர் எந்த ஊர்? சிசிலி. கார்த்தேஜோடு தலைமுறை தலைமுறையாகப் போரிட்ட தீவு. 2010இல் ஓர் ஆய்வு 348 தாழிகளில் இருந்த 540 குழந்தைகளின் எச்சங்களைப் பார்த்து, பெரும்பாலானவை பிறக்கும் முன்னரோ பிறந்தவுடனோ இறந்தவை என்றது. இறந்த சிசுக்களைத் தெய்வத்திடம் ஒப்படைத்த இடம் அது. அந்தத் தாய்மாரின் துயரத்தைக் கொலை என்று சொல்லாதீர்கள்.

வடக்குத்தெரு:
அதற்கு அடுத்த ஆண்டே மற்றொரு குழு அந்த வயதுக் கணிப்பு தவறு என்று மறுத்ததே? நெருப்பில் பல்லும் எலும்பும் சுருங்கும், அதைச் சேர்த்துக் கணக்கிட்டால் குழந்தைகளின் வயது ஒன்று இரண்டு மாதத்தைச் சுற்றிக் குவிகிறது என்றார்கள். இயற்கையாக இறந்த குழந்தைகள் இப்படி ஒரே வயதில் குவியமாட்டார்கள். அதே தாழிகளில் ஆட்டுக்குட்டியின் எலும்பும் கிடக்கிறது. இறந்த ஆட்டுக்குட்டிக்கும் துயரம் கொண்டாடினார்களா? நினைவுக்கல்லில் "தன் குரலைக் கேட்டதால்" நேர்த்திக்கடன் செலுத்தியதாகப் பொறித்திருக்கிறார்களே, குழந்தை இறந்ததற்கா நன்றி சொல்வார்கள்?

தானித்:
நேர்த்திக்கடன் என்றால் கொலை என்று நீங்களே முடிவு கட்டிவிடுவீர்கள். அடுத்த குழந்தை பிழைத்ததற்கு நன்றி சொல்லியிருக்கக் கூடாதா? போன வருடமும் இதையே எழுதினீர்கள், அன்றும் விடை சொன்னேன். படிக்காதவருக்கு எத்தனை முறை சொல்வது?

உப்புக்காற்று:
டோஃபெட்டை விடுங்கள். ஸ்பெயினில் இதுவரை ஒரு டோஃபெட்கூடக் கிடைக்கவில்லை, காதிஸிலும் இல்லை. அதுவே காதிஸ் கார்த்தேஜின் வழியில் வந்ததல்ல, தனியாக, முன்னதாக வந்தது என்பதற்கு ஓர் அடையாளம்.

பானையோட்டுக்கு இரண்டு செய்திகள். எழுத்துச் சான்று எப்போதும் பழமையை ஊதிப் பெரிதாக்கும் என்பதுதானே உங்கள் அடிப்படை? ஸ்பெயினின் இபிஸா தீவைப் பாருங்கள். கார்த்தேஜ் பிறந்து 160 ஆண்டுகள் கழித்து அங்கே குடியேறினார்கள் என்றார் தியோதோருஸ், அதாவது கி.மு. 654. அகழாய்வில் என்ன வந்தது? அத்தீவின் ச கலேத்தாவில் அதற்கும் முந்திய பினீசியக் குடியிருப்பு. எழுத்து சொன்னதைவிட மண் பழையது!

இரண்டாவது, வெள்ளி. இஸ்ரேலின் தோர், அக்கோ, ஐன் ஹோஃபெஸ் ஆகிய இடங்களில் புதைத்து வைத்திருந்த வெட்டுவெள்ளிக் குவியல்களின் ஈய ஐசோடோப்புகளை, அதாவது வெள்ளி எந்தச் சுரங்கப் பகுதியிலிருந்து வந்தது என்று காட்டும் தடயங்களை, 2019இல் ஆராய்ந்தார்கள். கி.மு. 10ஆம் நூற்றாண்டிலேயே சார்டினிய வெள்ளி கிழக்குக் கரைக்கு வந்துவிட்டது, 9ஆம் நூற்றாண்டில் ஸ்பெயின் வெள்ளியும் வந்துவிட்டது. அஸீரியப் பேரரசு கப்பம் கேட்டு நெருக்கியதால்தான் மேற்கே ஓடினார்கள் என்று பாடப்புத்தகம் சொல்லும். அந்த நெருக்கடிக்கு முன்பே கப்பல்கள் போய்வந்திருக்கின்றன. ஒவ்வொரு புதிய ஆய்வும் காலத்தை முன்னே தள்ளுகிறது, ஒன்றுகூடப் பின்னே இழுக்கவில்லை. இந்தப் போக்கு எங்கே போய் முடியும் என்று நினைக்கிறீர்கள்?

பானையோடு:
போக்கு எங்கே போகும் என்று சோதிடம் பார்ப்பது என் வேலை அல்ல. உங்கள் வெள்ளி ஆய்வே ஸ்பெயின் வெள்ளிக்கு 9ஆம் நூற்றாண்டு என்கிறது. 12ஆம் நூற்றாண்டில் காதிஸை நிறுவிவிட்டு, ரியோ திந்தோவின் வெள்ளிமலையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இருநூறு ஆண்டுகள் சும்மாவா உட்கார்ந்திருந்தார்கள்? வெள்ளிக்காகத்தானே போனார்கள்? வெள்ளி இல்லாத காதிஸ் எதற்கு?

மாலகா விமான நிலையத்தை விரிவாக்கியபோது லா ரெபனதில்யா வெளிப்பட்டது: 9ஆம் நூற்றாண்டு. மொர்ரோ தெ மெஸ்கித்தில்யா: 9ஆம் நூற்றாண்டின் இறுதி, 8ஆம் நூற்றாண்டு. காதிஸுக்கு எதிர்க்கரையில் தோன்யா பிளாங்கா: 8ஆம் நூற்றாண்டு. ஒரு கடற்கரை முழுவதும் ஒரே காலத்தைச் சொல்கிறது. இவை எல்லாவற்றுக்கும் முந்நூறு ஆண்டுகள் முன்னால் ஒரு நகரம் தன்னந்தனியாக, துணை ஊரின்றி, கல்லறையின்றி இருந்ததாம்.

அல்முனேகாரின் பாடத்தையும் நினைவில் வையுங்கள். அங்கே கல்லறைகளில் எகிப்திய வெண்பளிங்குத் தாழிகள் கிடைத்தன. ஒசோர்கோன் மன்னனின் பெயர்கூட இருந்தது, 9ஆம் நூற்றாண்டு மன்னன். ஆனால் கல்லறையின் காலம் கி.மு. 7ஆம் நூற்றாண்டு. பழைய பொருள் பிந்திய கைக்கு வரும். பழைய கதையும் அப்படித்தான் பிந்திய நகரத்துக்கு வந்து ஒட்டியது.

இபிஸாவில் எழுத்தும் மண்ணும் பொருந்தவில்லை என்று நீங்களே காட்டிவிட்டீர்கள். அப்படியானால் எழுத்தை நம்பக் கூடாது என்பதுதானே முடிவு? முன்னால் தவறினாலும் பின்னால் தவறினாலும் தவறுதான்.

வடக்குத்தெரு:
யார் எப்போது போனார்கள் என்று இவ்வளவு சண்டை. போனவர்களின் வாரிசுகளே அங்கே இல்லை என்று 2025இல் வந்த மரபணு ஆய்வைப் படித்தீர்களா? 210 பழைய மனிதர்களின் மரபணுத்தொகுதிகள். சார்டினியா, சிசிலி, இபிஸா, ஸ்பெயின், வட ஆப்பிரிக்கா எல்லாம் சேர்த்து. பூனிக் மக்களிடம், அதாவது மேற்கின் பினீசியர்களிடம், லெவாண்ட் என்ற கிழக்கு மத்தியதரைக் கரையின் மூதாதையர் பங்கு அநேகமாக இல்லை. சிசிலி, ஏஜியன் பக்கத்து மக்களும் வட ஆப்பிரிக்கரும்தான்.

உப்புக்காற்று:
அந்த எலும்புகளில் பெரும்பாலானவை கி.மு. 6ஆம் நூற்றாண்டுக்குப் பிந்தியவை. முதலில் போனவர்கள் தங்கள் இறந்தவர்களை எரித்தார்கள். சாம்பலில் மரபணு எடுக்க முடியுமா? முதல் தலைமுறையைப் பார்க்காமலே முதல் தலைமுறை இல்லை என்கிறீர்கள். கி.மு. 525 வாக்கில் பாரசீக மன்னன் காம்பைசீஸ் கார்த்தேஜைத் தாக்கச் சொன்னபோது "எங்கள் பிள்ளைகள்மீது படையெடுக்க மாட்டோம்" என்று பினீசிய மாலுமிகள் மறுத்ததை ஹெரோடோட்டஸ் எழுதியிருக்கிறார். அலெக்சாந்தர் கி.மு. 332இல் தீருவைப் பிடித்தபோது கார்த்தேஜிலிருந்து மெல்கார்ட்டுக்குக் காணிக்கை கொண்டுவந்த தூதர்கள் உள்ளே இருந்தார்கள். உறவு இப்படி நிற்கும்.

கல்லெழுத்து:
கல்லெழுத்துக் காலக்கணிப்பில் தடுமாற்றம் உண்டு என்று பானையோடு பொதுவாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். நோராத் துண்டில் எந்த எழுத்தின் வடிவம் 9ஆம் நூற்றாண்டுக்குப் பொருந்துகிறது என்று ஓர் எழுத்தையாவது குறிப்பிட்டுச் சொல்லட்டும். சொல்ல மாட்டார். பானையின் விளிம்பு வளைவில் கால் நூற்றாண்டு வரை துல்லியம் கேட்பவர், கல் என்று வந்ததும் கையை விரிக்கிறார்.

தெளிவுரை:
குடியேற்றம் என்று எதைச் சொல்கிறீர்கள் என்ற கேள்விக்கு இன்னும் எவரும் விடை தரவில்லை. வெள்ளி வாங்க வந்துபோன கப்பல்களுக்கும் ஊர் கட்டியவர்களுக்கும் நூறு ஆண்டுகள் இடைவெளி இருந்தால் உங்கள் இருவருக்கும் பாதி சண்டை இல்லாமல் போகும்.

பானையோடு:
சண்டை இல்லாமல் போகாது. உப்புக்காற்று எழுதியது "நகரம்", "நிறுவினார்கள்", "1104". வந்துபோன கப்பல் என்று எழுதவில்லை. எழுதியதற்குத்தான் சான்று கேட்கிறேன்.

கல்லெழுத்துக்கு: ஒரு துண்டில் மிஞ்சிய எழுத்துகளை வைத்து நூற்றாண்டு சொல்வது உங்கள் துறையின் துணிச்சல். அதை நகரத்தின் வயதாக்க என்னால் முடியாது.

காதிஸில் இன்னும் தோண்டவில்லை, நகரத்துக்கு அடியில் இருக்கும், கடல் அரித்துவிட்டது, தீவுகள் ஒன்றாகச் சேர்ந்துவிட்டன என்று யாராவது வருவதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன். கிடைக்காத சான்று சான்று அல்ல. 1104க்கு ஒரு பானையோடு.

உப்புக்காற்று:
அதைத்தான் சொல்ல வந்தேன், சொல்லத்தான் போகிறேன். அன்று காதிஸ் தனித்தனித் தீவுகளாக இருந்தது. மெல்கார்ட் கோயில் இருந்த தென்முனையில் இன்று பெரும்பகுதி நீருக்கடியில். மிகப் பழைய இடமாக மரபு சொல்லும் அந்தக் கோயிலை எவரும் அடுக்கடுக்காக அகழவில்லை. பார்க்காத இடத்தில் இல்லை என்று தீர்ப்பெழுதும் உரிமை உங்களுக்கு யார் கொடுத்தது? 1998க்கு முன் உவெல்வாவும் "கிடைக்காத சான்று"தான்.

பானையோடு:
கடலுக்கடியில் இருப்பதை வைத்து ஆண்டு எழுதும் உரிமை உங்களுக்கு யார் கொடுத்தது? மொராக்கோவின் லிக்ஸுஸ் கோயில் காதிஸ் கோயிலைவிடப் பழையது என்று பிளினி எழுதியிருக்கிறார். அங்கே அகழ்ந்தார்கள், வந்தது கி.மு. 8ஆம் நூற்றாண்டு. உங்கள் பிளினியை நம்பினால் லிக்ஸுஸைவிடப் பிந்திய காதிஸ் எந்த நூற்றாண்டு? கூட்டிக் கழித்துச் சொல்லுங்கள்.

உப்புக்காற்று:
லிக்ஸுஸில் அகழ்ந்தது மேட்டின் ஒரு பகுதியை மட்டும். கோயிலின் மிகப் பழைய தளத்தை எட்டினார்கள் என்பதற்கு முதலில் நீங்கள் சான்று தாருங்கள்.

பானையோடு:
1104க்கு நீங்கள் தந்த பிறகு.